வோல்ட் பார்த்துப் பழகிய கையும் ஒரு ஒளிவாளும்

வேலூர் சத்துவாச்சாரியில் இன்வெர்ட்டர், யுபிஎஸ், மிக்சி பழுது பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. 18 வருஷமாக இதே வேலை. அதனால் போன டிசம்பரில் அக்கா மகன் கடைக்கு வந்து, "மாமா, எனக்கு ஒரு லைட் வாள் செஞ்சு குடு" என்று நின்றபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்றுதான் நினைத்தேன். ஏழு வாரம் ஆனது. இரண்டு எல்இடி கருகின.

காட்பாடியில் அவன் படிக்கும் பள்ளியில் ஆண்டு விழா. பிள்ளைகளே எழுதிய நாடகம். கி.பி. 3006-ல் வேற்றுக்கிரகத்தார் வந்து வேலூர்க் கோட்டையை வளைத்துக்கொள்கிறார்கள், உள்ளே இருக்கும் வீரர்கள் ஒளிவாளோடு எதிர்த்து நிற்கிறார்கள். 1806-ல் சிப்பாய்கள் எழுந்த கோட்டை இல்லையா, அதோடு சரியாக 1200 வருஷம் கூட்டிப் போட்டிருக்கிறார்கள் பொடியன்கள். கதை எனக்குப் பிடித்துவிட்டது.

பொம்மைக் கடையில் விற்கும் வாளைக் காட்டினேன். பட்டன் செல்லில் மினுக்கும் அதை அவன் கையால்கூடத் தொடவில்லை. "இன்னா மாமா இது, கடைசி வரிசைக்குத் தெரியணும். பிடி நெசமான உலோகமா இருக்கணும். அடிச்சா ஒடையக் கூடாது." நிபந்தனை மூன்று. வீரனுக்கு நீலம், எதிரிக்குச் சிவப்பு, ஆக இரண்டு வாள்.

அன்று சாயங்காலமே லாங்கு பஜார் பக்கம் போய் 3 வாட் வெள்ளை எல்இடி ஒன்று வாங்கி வந்தேன். நட்சத்திரம் மாதிரி வெட்டிய அலுமினியத் தகட்டின் நடுவே மஞ்சள் பொட்டு வைத்தது போல இருக்குமே, அதுதான். கடையில் பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தெடுத்த 18650 என்கிற லித்தியம் செல்கள் இருந்தன. என் கணக்கு இப்படி ஓடியது: எல்இடிக்கு 3.2 வோல்ட் வேண்டும், செல் மேல் 3.7 என்று போட்டிருக்கிறது, நடுவில் அரை வோல்ட், அது தாங்கும். பிவிசி குழாய்க்குள் பசை வைத்து ஒட்டி நேரடியாகக் கொடுத்தேன். கண் கூசியது. அக்கா மகன் குதித்தான். நாலாவது நிமிஷம் வெள்ளையில் நீலம் பாய ஆரம்பித்தது, பிளாஸ்டிக் தீயும் வாடை வந்தது, அணைந்தது.

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. ஆனால் எங்கள் தொழிலில் எல்லாமே வோல்ட். 230 வருகிறதா, 12 வருகிறதா, அவ்வளவுதான் கேள்வி. கருவிக்கு எவ்வளவு கரண்ட் வேண்டுமோ அதை அதுவே இழுத்துக்கொள்ளும். குண்டு பல்பை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் இழை சூடாக ஆகத் தடை கூடும். தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் பிள்ளை அது. எல்இடி அப்படி இல்லை. குறிப்பிட்ட வோல்ட் வரை கதவைத் திறக்காது. திறந்த பிறகு பத்தில் ஒரு பங்கு வோல்ட் கூடினாலே கரண்ட் தாறுமாறாக ஏறும். சூடானால் கதவு திறக்கிற வோல்ட்டும் கொஞ்சம் இறங்கும், அதனால் கரண்ட் இன்னும் ஏறும், அதனால் இன்னும் சூடு. போதாததற்கு 3.7 என்பது செல்லின் பெயரளவு வோல்ட்தான், முழுசாகச் சார்ஜ் ஏறினால் அது 4.2. நான் கொடுத்தது அரை வோல்ட் கூடுதல் இல்லை, முழு 1 வோல்ட். பிவிசி குழாயோ சூட்டை வெளியே விடாத போர்வை.

அதனால் எல்இடிக்கு எத்தனை வோல்ட் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்கிறேன்: எத்தனை மில்லி ஆம்ப் கொடுக்கப் போறீங்க? 1 வாட் என்று விற்கும் சாதாரண எல்இடிக்கு 350, 3 வாட் வகைக்கு 700. வோல்ட்டை எல்இடி பார்த்துக்கொள்ளும், கரண்டை நாம்தான் கட்ட வேண்டும்.

கட்டுவதற்கு எளிய வழி ரெசிஸ்டர், அதாவது மின்தடை. செல்லின் உச்ச வோல்ட்டில் எல்இடியின் வோல்ட்டைக் கழித்து, வேண்டிய ஆம்பியரால் வகுத்தால் ஓம் கிடைக்கும். நீலத்துக்கு 4.2-ல் 3.1 போனால் 1.1, அதை 0.7 ஆம்பியரால் (700 மில்லி ஆம்ப்) வகுத்தால் ஒன்றரை ஓம் சொச்சம். சிவப்பு எல்இடிக்கு 2.3 வோல்ட் போதும், அதனால் மிச்சம் 1.9, ஓம் 2.7 ஆகிவிடும். நீலத்துக்குக் கணக்குப் போட்ட ரெசிஸ்டரைச் சிவப்புக்கு மாட்டினால் அது போய்ச் சேரும். அடுத்து, ரெசிஸ்டர் எத்தனை வாட் தாங்க வேண்டும் என்பது. 0.7-ஐ 0.7-ஆல் பெருக்கி ஓமால் பெருக்குங்கள். நீலத்துக்கு முக்கால் வாட் வரும், 2 வாட் ரெசிஸ்டர் போடலாம். சிவப்புக்கு 1.3 வரும், 3 வாட் நல்லது. பெட்டியில் கிடக்கும் கால் வாட் ரெசிஸ்டரை மாட்டினால் ஊதுபத்தி மாதிரி புகையும்.

ரெசிஸ்டர் வைத்து ஒரு வெள்ளை வாள் எரிந்தது. அதன் மேல் நீலக் கண்ணாடிக் காகிதம் சுற்றினேன். மங்கிப் போனது. வெள்ளை எல்இடி என்பதே நீலச் சில்லின் மேல் மஞ்சள் பூச்சு பூசியதுதான். அந்தப் பூச்சு வெளிச்சத்தின் பெரும்பங்கை மஞ்சள் பக்கம் மாற்றிவிடுகிறது, பிறகு நாம் நீலக் காகிதம் சுற்றி அதையெல்லாம் வெளியே விடாமல் தடுக்கிறோம். நீலம் வேண்டுமானால் நீல எல்இடியே வாங்க வேண்டும்.

இணையத்தில் 3 வாட் நீலம் வரவழைத்தேன். வந்தது ராயல் புளூ. 450 நானோமீட்டர், அதாவது வெளிச்சத்தின் அலைநீளம், நிறத்தைச் சொல்லும் எண். வாங்கியபோது அந்த எண்ணை நான் கவனிக்கவே இல்லை. எரியவிட்டால் ஆழமான நீலம், அழகுதான், ஆனால் அறை நிறையவில்லை. அதே 700 மில்லி ஆம்ப், அதே லென்ஸ். எல்இடி பழுது என்று நினைத்தேன். பழுது என் கண்ணில் இருந்தது, எல்லார் கண்ணிலும் இருக்கிறது. மனிதக் கண் பகல் வெளிச்சத்தில் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் பச்சையை. அதை நூறு என்று வைத்தால் 470 நீலம் ஒன்பது, 450 நாலுதான். சிவப்பிலும் இதே கதை: 620 முப்பத்தெட்டு, 630 இருபத்தாறு, 660 ஆறே ஆறு. செடி வளர்க்கிற விளக்குக்கென்று விற்கும் கருஞ்சிவப்பு எல்இடி பெரும்பாலும் 660. அதை வாளில் வைத்தால் செல் தீருமே தவிர வெளிச்சம் வராது. வாட் என்பது எல்இடி தின்கிற கணக்கு. கண்ணுக்கு வருவது லூமன். ராயல் புளூ எல்இடிக்குப் பல கம்பெனிக்காரர்கள் லூமன் போடாமல் மில்லிவாட் போடுவதற்குக் காரணமே இதுதான், லூமனில் போட்டால் எண் பரிதாபமாக இருக்கும்.

சரி, நேரில் பார்த்து வாங்கலாம் என்று ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டுக் காட்பாடியில் ரயில் ஏறினேன். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போகும்போதெல்லாம் எனக்குச் சின்னப் பிள்ளை திருவிழாவுக்குப் போன மாதிரிதான், வாங்க வந்ததை மறந்து வேறு நாலு சாமான் வாங்கி வருவேன். இந்த முறை துண்டுச் சீட்டோடு போனேன். நீலம் 470, சிவப்பு 620-லிருந்து 630-க்குள், 350 மில்லி ஆம்பில் எத்தனை லூமன். முதல் இரண்டு கடையில் "வாட் சொல்லுங்க சார்" என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார், உள்ளேயிருந்து கிரீ கம்பெனி எல்இடி எடுத்து வந்தார், கூடவே அதன் விவரத்தாளையும் போனில் காட்டினார். விலை பஜாரில் வாங்கியதைப் போல ஐந்தாறு மடங்கு. விவரத்தாள் இருக்கிற எல்இடிக்குத்தான் காசு கொடுக்கலாம் என்பது என் முடிவு. தாள் இல்லாத 3 வாட்டில் அந்த 3 யாரோ எழுதிய 3.

அடுத்தது செல். அக்கா மகன் 9 வோல்ட் சதுர பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தான், ஒன்பது பெரிய எண் இல்லையா. அதற்குள் இருக்கும் சரக்கு 500 மில்லி ஆம்ப்-ஹவர் அளவுதான், 700 இழுத்தால் வோல்ட் படுத்துவிடும். மூன்று பென்சில் செல் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் மங்கும். கைப்பிடிக்குள் நுழைவது, கரண்ட் கொடுப்பது, திரும்பச் சார்ஜ் ஆவது மூன்றும் பார்த்தால் 18650-க்கு இணை இல்லை. ஆனால் பிரித்தெடுத்த லேப்டாப் செல்லைப் பிள்ளை கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. புதுசாக, உள்ளேயே பாதுகாப்பு சர்க்யூட் உள்ள செல் வாங்கினேன். அது சாதாரணச் செல்லைவிட நாலைந்து மில்லிமீட்டர் நீளம், கைப்பிடி கடைவதற்கு முன் செல்லை அளந்துகொள்ளுங்கள். 9900 மில்லி ஆம்ப்-ஹவர் என்று அச்சடித்த செல்கள் சந்தையில் கொட்டிக் கிடக்கின்றன. இந்த அளவுச் செல்லில் நல்ல கம்பெனியே 3500-ஐ ஒட்டித்தான் கொடுக்கிறது. நான் வாங்கியது 2600. 700 மில்லி ஆம்பில் கணக்குப்படி மூன்றரை மணி நேரம், நாடகம் 20 நிமிஷம்.

ரெசிஸ்டரில் ஒரு குறை. செல் 4.2-ல் இருக்கும்போது 700 போகும். 3.6-க்கு இறங்கியதும் நீல எல்இடிக்கும் செல்லுக்கும் நடுவே அரை வோல்ட்தான் மிச்சம், கரண்ட் பாதிக்கு வந்துவிடும். ஒத்திகை நடக்க நடக்க வாள் சோர்ந்துகொண்டே போனதை நான் கண்ணால் பார்த்தேன். இதற்கு மருந்து 7135 என்கிற மூன்று கால் சின்னச் சிப். மலிவான டார்ச்சுகளில் இருக்கும், பழைய டார்ச்சைப் பிரித்தாலே கிடைக்கும். ஒரு சிப் 350 மில்லி ஆம்பை விடும், அதற்கு மேல் விடாது. இரண்டை இணையாக வைத்தால் 700. தனக்கென்று அது எடுத்துக்கொள்வது 0.12 வோல்ட்தான், அதனால் செல் 3.3-க்குப் பக்கம் இறங்கும் வரை நீலம் ஒரே சீராக எரிகிறது. சிவப்புக்கு மட்டும் ஒரு தந்திரம் வேண்டும். அங்கே மிச்ச வோல்ட் அதிகம், அதை முழுக்கச் சிப்பே எரித்தால் கைவைக்க முடியாத சூடு. வரிசையில் 1 ஓம் 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தேன். சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கே போய்விட்டது.

இரண்டாவது எல்இடி போன கதை இங்கேதான் வருகிறது. 7135 கரண்டைக் கட்டுவது எல்இடியின் நெகட்டிவ் பக்கத்தில். கைப்பிடி அலுமினியம். வசதிக்காகச் செல்லின் நெகட்டிவைக் கைப்பிடி உடம்போடு சேர்த்திருந்தேன், டார்ச்சில் எல்லாம் அப்படித்தானே. லென்ஸை அழுத்தி மூடியபோது எல்இடியின் நெகட்டிவ் ஒயர் நசுங்கித் தோல் உரிந்து உடம்பைத் தொட்டுவிட்டது. அவ்வளவுதான், சிப்பைச் சுற்றிக்கொண்டு கரண்ட் நேர் வழியில் போனது. நீலம் ஒரு கணம் பளீரென்று அடித்தது. ரிச்சி தெரு எல்இடி அது, வயிறு எரிந்தது. அதன் பிறகு உடம்பில் எந்த ஒயரையும் சேர்ப்பதில்லை. செல்லுக்கு இரண்டு ஒயர், இரண்டுக்கும் ஸ்லீவ், மூடுவதற்கு முன் மல்டிமீட்டரில் பீப் வைத்து உடம்போடு எதுவும் ஒட்டவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் செல் போடுகிறேன்.

கைப்பிடியை ராணிப்பேட்டையில் தெரிந்த ஒரு லேத்துக்காரரிடம் கொடுத்தேன். படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாபா இது, டார்ச்சா, ஒலக்கையா?" என்றார். இரும்பில் செய்யலாம் என்றவரிடம் அலுமினியம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். பிள்ளை தூக்குகிற கனம் ஒரு காரணம். அலுமினியம் இரும்பைப் போல மூன்று நாலு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்பது பெரிய காரணம். உள்ளே இறுக்கமாக நுழைகிற ஒரு அலுமினியக் கட்டை கடைந்து, அதன் முகத்தில் கம்ப்யூட்டருக்குப் போடும் வெப்பப் பசையை மெல்லிசாகத் தடவி, நட்சத்திரத் தகட்டை இரண்டு திருகாணியால் இறுக்கினேன். கட்டையில் மாட்டிய பிறகு தகட்டில் சால்டர் பிடிக்கவே பிடிக்காது, வைக்கிற சூட்டையெல்லாம் அலுமினியம் குடித்துவிடும். அதனால் கட்டையில் மாட்டுவதற்கு முன்பே ஒயரைப் பற்றவைத்துவிட வேண்டும். செல்லில் மட்டும் நேராகச் சால்டர் வைக்காதீர்கள், ஹோல்டர் போடுங்கள்.

பிடிக்கு ஆம்பூரிலிருந்து வந்த தோல் துண்டு ஒன்றைச் சுற்றினேன். நம் பக்கத்தில் தோலுக்கா பஞ்சம். முதலில் மேலிருந்து கீழ்வரை அழகாகச் சுற்றிவிட்டேன், கால் மணி நேரத்தில் தலைப்பக்கம் கொதித்தது. சூட்டை வெளியே விட வேண்டிய இடத்தில் நானே கம்பளி போர்த்தியிருக்கிறேன்! எல்இடி இருக்கும் மேல் நாலு விரற்கடையை வெறும் உலோகமாக விட்டு, கை பிடிக்கிற இடத்தில் மட்டும் தோல் என்று மாற்றினேன். லேத்துக்காரர் அந்த இடத்தில் ஐந்தாறு வளையப் பள்ளம் போட்டுத் தந்தார். பார்க்க அலங்காரம் மாதிரி இருக்கும், வேலை காற்றுக்கு முகம் கூட்டுவது.

பிளேடுக்கு 25 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பாலிகார்பனேட் குழாய், நீளம் 80 சென்டிமீட்டர். அக்ரிலிக் மலிவு, ஆனால் அடித்தால் சில்லாகச் சிதறும். செத்துப்போன எல்இடி டியூப் லைட்டின் உறையை வைத்தும் பார்த்தேன், அளவு கிட்டத்தட்டப் பொருந்துகிறது. ஆனால் அந்த டியூப்களில் கண்ணாடியும் உண்டு, தட்டிப் பார்த்துத் தெரியாவிட்டால் தொடவே வேண்டாம். எல்இடியின் முன்னால் 10 டிகிரி லென்ஸ் கட்டாயம். லென்ஸ் இல்லாமல் எரித்தபோது பிடிக்கு மேல் ஒரு முழம் மட்டும் பளிச்சென்று, நுனி இருட்டு. லென்ஸ் போட்டதும் வெளிச்சம் நுனிவரை ஓடியது, ஆனால் குழாய்க்குள் தங்காமல் கூரையில் போய் வட்டம் போட்டது. பூங்கொத்துச் சுற்றும் நிறமற்ற கண்ணாடிக் காகிதத்தைக் கசக்கி, நீவி, சுருட்டி உள்ளே தள்ளினேன். நுனியில் முகம் தெரிகிற கண்ணாடி ஸ்டிக்கரை வட்டமாக வெட்டி உள்முகமாக ஒட்டினேன், போன வெளிச்சம் திரும்பி வந்து மேல் பாதியை நிரப்பியது. பிளேடு மாட்டாமல் சுவிட்சைப் போடக் கூடாது என்று பிள்ளைக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அந்த லென்ஸை நேரே பார்த்தால் கண்ணுக்குக் கெடுதல்.

குழாய் முழுக்க எல்இடி பட்டை வைக்கிற முறை ஒன்று உண்டு. மீட்டருக்கு 144 எல்இடி, ஒவ்வொன்றும் நிறம் மாறும், வெளிச்சம் அடியிலிருந்து நுனிக்கு ஏறுவது போலக் காட்டலாம். முழு வெள்ளையில் ஒன்றுக்கு 60 மில்லி ஆம்ப் என்றால் 144-க்கு எட்டரை ஆம்பியர். நீலம் மட்டும் எரிந்தாலும் மூன்று ஆம்பியருக்குப் பக்கம். காட்சிக்கு வைக்க அதைவிட அழகு கிடையாது. பிள்ளைகள் மோதிக்கொள்வதற்கு வேண்டாம், உள்ளே ஒரு இணைப்பு விட்டால் அதற்கு மேலே எல்லாம் இருட்டு.

ஒத்திகையில் இன்னொன்று. வாள் மோதும்போதெல்லாம் பழைய டியூப் லைட் மாதிரி கண் சிமிட்டியது. ஒயரைப் பார்த்தேன், சுவிட்சைப் பார்த்தேன், இரண்டு நாள் போனது. செல் ஹோல்டரின் ஸ்பிரிங்தான். அடி விழும்போது செல்லின் கனம் ஸ்பிரிங்கை அமுக்க, மறுமுனை ஒரு இமைப்பொழுது விடுபடுகிறது. இரண்டு முனையிலும் ஸ்பிரிங் உள்ள ஹோல்டர் போட்டு, செல்லைச் சுற்றிச் செருப்புக்குப் போடும் ஃபோம் துண்டு வைத்து இறுக்கியதும் நின்றது.

ஆண்டு விழா அன்று நான் கடைசி வரிசையில் நின்றேன். திரை விலகியது. மேடை மேல் ஆறு ஃபோகஸ் லைட். இருட்டு அறையில் கண்ணைக் கூசிய வாள் அங்கே வெறும் வெளிறிய குச்சி. ஏழு வாரம்! 700-ஐ 1000 ஆக்கியிருக்கலாமோ என்று ஒரு நொடி தோன்றியது. பிரயோசனம் இல்லை. கரண்ட் ஒன்றரை மடங்கானால் வெளிச்சம் அந்த அளவுக்குக்கூட ஏறாது, ஏறியதையும் கண் லேசாகத்தான் உணரும். மேடையோரம் ஓடிப்போய் லைட் போடுகிறவரிடம், "அண்ணே, சண்டை சீன்ல முன்னாடி இருக்கிற நாலையும் அணைச்சிடுங்க" என்று கெஞ்சினேன். அணைத்தார். அரங்கம் முழுக்க ஓவென்று ஒரு சத்தம். நீலம் ஒரு வீச்சு, சிவப்பு ஒரு வீச்சு. கோட்டை பிழைத்தது. அக்கா போனில் எடுத்த வீடியோவில் பிளேடு வெள்ளையாகவும் ஓரம் மட்டும் நீலமாகவும் விழுந்திருந்தது, கேமராவுக்கு அந்த வெளிச்சமே அதிகம்.

மே மாதம் அக்கினி வெயிலில் ஒரு முறை இரண்டையும் எடுத்து எரித்துப் பார்த்தேன். கடைக்குள்ளேயே 38 டிகிரி. சிவப்பு வாள் பத்து நிமிஷத்தில் கொஞ்சம் மங்கியது, நீலம் அவ்வளவாக மங்கவில்லை. சிவப்பு எல்இடி சூட்டில் அதிகம் சோரும் ஜாதி. அதற்கு ஒரு 7135-ஐக் கழற்றி 350-ல் விட்டுவிட்டேன், ராத்திரி மொட்டை மாடியில் விளையாட அது தாராளம். செல் மட்டும் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கிடக்கக் கூடாது, கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுகிறோம்.

இப்போது அவனுக்குப் பச்சை வேண்டுமாம். 525 நானோமீட்டர் எல்இடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஒரே ஒரு 7135 போட்டு 350-ல் எரித்தேன், 700-ல் எரிகிற நீலத்தைத் தூக்கிச் சாப்பிட்டது. செல்லும் இரண்டு மடங்கு நேரம் வரும். லேத்துக்காரரிடம்தான் மூன்றாவது கட்டைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், உலக்கை எப்போ வேணும் என்று அவரே போன் செய்து கேட்கிறார்.